1987 ஆம் ஆண்டின் 17 அடிப் படகு, கையில் நாலாயிரம் டொலர்: திருத்துவதா, விட்டுவிடுவதா?

சிம்கோக்காரன் (ஸ்காபரோ), செப்டெம்பர் 16

அனைவருக்கும் வணக்கம். வேலையிடத்து நண்பர் ஒருவர் வீடு மாறும்போது, ஆறு ஆண்டுகளாகத் தம் வளவில் தார்ப்பாயின் கீழ் கிடந்த 17 அடிக் கண்ணாடி நார்ப் படகை, அதன் இழுவை வண்டியோடு சேர்த்து எனக்குச் சும்மா தந்துவிட்டார். 1987 இல் கட்டப்பட்ட படகு. உள்ளே நான்கு சிலிண்டர், 3 லீற்றர் மேர்குரூசர் எஞ்சின். பின்னால், படகைத் தள்ளும் காற்றாடியைச் சுழற்றும் அல்பா வண் டிரைவ். வெளித்தோற்றத்தில் பெரிய வெடிப்பு எதுவும் தெரியவில்லை. ஆசனங்கள் கிழிந்துவிட்டன, கம்பளம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சாரதி ஆசனத்துக்கு முன்னால் கால் வைத்தால் தளம் சற்று அமுங்குகிறது.

அடுத்த கோடையில் பிள்ளைகளைச் சிம்கோ ஏரிக்குக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். மனைவியோடு பேசி நாலாயிரம் டொலர் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. முதலில் ஆசனங்களை மாற்றி, பழைய தளத்தின் மேல் புதிய பலகை ஒன்றை முடுக்கி, கம்பளம் விரித்து, வர்ணம் பூசிவிட்டு, கடைசியாக எஞ்சினைக் கவனிக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். ஆசனத்துக்கு நல்ல விலைக்கழிவு ஓடுகிறது, வெள்ளிக்கிழமை முடிகிறது. இந்த ஒழுங்கு சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


ஏராக்கட்டை (மார்க்கம்), செப்டெம்பர் 16

தம்பி, ஆசனத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் ஒழுங்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால்தான் அது சரியாகும்.

தளம் அமுங்குகிறது என்றால் நோய் தளத்தோடு நிற்கவில்லை என்று பொருள். அந்தக் காலத்துப் படகுகளில் தளத்தின் கீழே முன்னிருந்து பின்னுக்கு நெடுஞ்சட்டங்கள் ஓடும். அவையும் எஞ்சினையும் டிரைவையும் தாங்கும் பின்பலகையும் வெறும் பிளைவூட்டும் மரமும்தான். மேலே கண்ணாடி நார்ப் போர்வை மட்டும் போர்த்தியிருப்பார்கள். அந்தப் போர்வையில் யாரோ ஒருவர் ஏணிக்கோ மீன்காட்டிக்கோ ஒரு திருகாணித் துளை போட்டு, அதைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும்; போன நீர் வெளியே வர வழியில்லை. மேலே பளபளப்பாக இருக்கும் படகின் பின்பலகை உள்ளே சேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுகிய தளத்தின் மேல் புதுப்பலகை முடுக்குவது புண்ணை ஆற்றாமல் கட்டுப்போடும் வேலை.

பார்ப்பதற்கு அதிகச் செலவில்லை. பிளாஸ்ரிக் பிடியுள்ள திருப்புளியை எடுத்து, பின்பலகையை உள்ளும் புறமும் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பேசும். அழுகிய இடம் ‘தொப் தொப்’ என்று அடங்கிப் போகும். சந்தேகமான இடங்களில், உட்பக்கமிருந்து மட்டும், கால் அங்குலத் துளைகள் சிலவற்றைப் போடுங்கள். வெளித்தோலைத் தொட்டுவிட வேண்டாம். நீர் வடியும் அடைப்பானைச் சுற்றியும், டிரைவ் பூட்டிய துவாரத்தின் கீழ்ப்புறத்திலும், ஏணி பூட்டிய இடத்திலும் கட்டாயம் போடுங்கள். வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் மகிழ்ச்சி; கறுத்து, ஈரமாக, துறப்பணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் இங்கே வந்து எழுதுங்கள். கடைசியில் அந்தத் துளைகளை எபொக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கல்போல இறுகும் றெசின், அதாவது பிசின்) அடைத்துவிடலாம்.


பழைய இரும்பு (பிரம்ரன்), செப்டெம்பர் 17

மரத்தைப் பற்றி ஏராக்கட்டை ஐயா சொல்லிவிட்டார். எஞ்சினைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் கேள்வி இதுதான்: அந்த ஆறு குளிர்காலங்களில் முதலாவதற்கு முன்பு எஞ்சினின் நீரை யாராவது வடித்தார்களா? இவ்வகை எஞ்சின் ஏரி நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விப்பது. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அந்த விரிவுக்கு வார்ப்பிரும்பு இடங்கொடுக்காமல் வெடிக்கும். எஞ்சின் கட்டையின் பக்கத்திலுள்ள பித்தளை அடைப்பானைக் கழற்றுங்கள். நீர் வராவிட்டால் ‘வடிந்துவிட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம்; துருப்பொடி துவாரத்தை அடைத்திருக்கும், கம்பியால் குத்திப் பாருங்கள். உங்களுக்கும் ஒக்டோபர் முடிவதற்குள் இதே வேலை இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அதன்பின் எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். பால் கோப்பி போல வெளிறியிருந்தால் நீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் கட்டை வெடித்திருக்கும். நிறம் நன்றாக இருந்தால் தீப்பொறிச் செருகிகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றி, அது இறுகவில்லை என்று தெரிந்த பிறகு அமுக்கமானி வையுங்கள். நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் கவலைப்படலாம். டிரைவின் அடியிலுள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்திப் பற்சக்கர எண்ணெயையும் பாருங்கள். நீர் கனமானது, அடியில் தங்கும், அதுதான் முதலில் வரும்.

இவை முடியும்வரை திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். நீர் கொடுக்காமல் அரை நிமிடம் ஓடினாலே நீரிறைப்பியின் றப்பர்ச் சில்லு கருகிப் போகும்.


கரையொதுங்கியவன் (மொன்றியல்), செப்டெம்பர் 17

எல்லாரும் எப்படித் திருத்துவது என்று பேசுகிறீர்கள். திருத்தத்தான் வேண்டுமா என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த மாதிரிப் படகுகளுக்காகவே சொல்லப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நான் இதே வயதுப் படகு ஒன்றை எடுத்து, மூன்று ஆண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்து, கடைசியில் பாதி விலைக்கு விற்றேன். இரண்டாயிரத்து ஐந்நூறு டொலருக்குள், பின்னால் தொங்கும் எஞ்சினோடு, 14 அடி அலுமினியப் படகுகள் கிடைக்கின்றன. அழுக மரம் இல்லை, அடைக்கத் துளை இல்லை. மிச்சக் காசுக்குப் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கியும் தூண்டிலும் வாங்கலாம்.


ஏராக்கட்டை (மார்க்கம்), செப்டெம்பர் 18

கரையொதுங்கியவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசுக் கணக்கு மட்டும் பார்ப்பவர் அலுமினியப் படகைத்தான் வாங்க வேண்டும். பழைய படகைத் திருத்தி எவரும் இலாபம் கண்டதில்லை. தம்பிக்கு அந்த வேலையில் விருப்பம் உண்டா என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விடயம் அவருக்குச் சாதகமாக இருக்கிறது. நான் 1970களின் இறுதியில் யாழ்ப்பாணத்துக் காரைநகரில், சீநோர் என்ற படகு கட்டும் துறையில் கண்ணாடி நார் வேலை பழகியவன். எங்கள் கடலில் இரும்புதான் முதலில் சாகும். எஞ்சினின் நீர்ப்பாதையை உப்பு தின்றுவிடும், மரமோ உப்பில் ஊறி நெடுங்காலம் நிற்கும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது மரத்தின் மேல்தான். இங்கே ஒன்ராறியோவில் எல்லாம் நேர்மாறு. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது, மழைநீரும் ஏரிநீரும் என்றால் கொண்டாட்டம்; அதே நன்னீர் எஞ்சினுக்கு நல்லது. உப்புநீரில் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய புகைவழி வார்ப்புகள் இங்கே முப்பது ஆண்டுகளின் பின்னும் நன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் உறைந்து வெடிக்காமல் இருந்தால், தம்பியின் செலவு மரத்தோடும் றெசினோடும் நிற்கும். அது கைவேலை, கடைவேலை அல்ல, வறியவனுக்குக் கட்டுப்படியாகும்.


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), செப்டெம்பர் 25

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஆசனம் வாங்கவில்லை. நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டேன். நல்லதும் கெட்டதும் கலந்து வந்திருக்கிறது.

எஞ்சினின் அடைப்பானைக் கழற்றியபோது ஒரு துளி நீரும் வரவில்லை. கம்பியால் குத்தியதும் ஒரு கரண்டி துருப்பொடி உதிர்ந்தது, அதன் பின்னும் நீர் இல்லை. நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன். கடைசியாக ஓடிய ஆண்டில் அவருடைய மாமனார் நீரை வடித்துத்தான் விட்டாராம். எண்ணெய் கறுப்பு, ஆனால் பால் இல்லை. அமுக்கம், சதுர அங்குலத்துக்கு இறாத்தலில், 135, 140, 130, 138. டிரைவின் எண்ணெயோ வெளிறிப் பால்போல வந்தது.

மரம்தான் கவலை. பழைய இரும்புச் சாமான் வாங்கும் இடத்து நிறுவைத் தட்டில் படகையும் வண்டியையும் சேர்த்து நிறுத்தேன். படகின் பட்டியலில் உள்ள நிறையையும் வண்டித் தகட்டில் உள்ள நிறையையும் கூட்டியதைவிட 500 இறாத்தலுக்குச் சற்று மேல் வந்தது. ஒரு கன அடி நீர் 62 இறாத்தல் என்றால், எட்டுக் கன அடி நீர் எங்கோ ஒளிந்திருக்கிறது. தளத்தின் ஒரு மூலையை அறுத்துத் திறந்தபோது அது எங்கே என்று தெரிந்தது. நெடுஞ்சட்டங்களுக்கிடையில் நிரப்பிய மஞ்சள் நுரையைக் கையால் பிழிந்தால் நீர் ஒழுகுகிறது.

பின்பலகையில் ஒன்பது துளைகள் போட்டேன். மேலே நான்கும் உலர்ந்தவை. கீழ்ப்பாதியின் ஐந்தும் கறுப்பு. படகின் நீர் வடியும் அடைப்பானுக்கு அருகிலுள்ள துளையில் துறப்பணத்தை இழுத்ததும் தண்ணீர் ஒரு நூலாக வழிந்தது. அம்மம்மா வீட்டுக்குப் பக்கத்தில் கிடங்கில் ஊறப்போட்ட தென்னம்மட்டையைக் கிளறும்போது வரும் மணம் அப்படியே மூக்கில் அடித்தது. முப்பது ஆண்டுகளின் பின் அந்த மணத்தை ஸ்காபரோவில் முகர்வேன் என்று நினைத்ததில்லை.

கரையொதுங்கியவன் அண்ணா, நீங்கள் சொன்னதை மனைவியும் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு இந்த வேலையில் ஆசை வந்துவிட்டது. தொடர்வதென்றே முடிவு செய்திருக்கிறேன். இப்போது எதால் கட்டுவது?


நாரும் நூலும் (வோட்டர்லூ), செப்டெம்பர் 26

எபொக்சியைத் தவிர வேறொன்றையும் தொடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. காரணம் ஒட்டுத்திறன். புதுப்படகு கட்டும்போது அடுக்குகள் எல்லாம் ஒன்றாக இறுகுவதால் பொலியெஸ்ரர் என்ற மற்ற றெசின் போதும். இங்கே முப்பது ஆண்டுகளுக்கு முன் இறுகிப்போன பழைய அடுக்கின் மேல் புதிய அடுக்கை ஒட்டப்போகிறீர்கள். அந்த இரண்டாங்கட்ட ஒட்டுதலில் பொலியெஸ்ரர் உரிந்து வரும் வாய்ப்பு அதிகம். எபொக்சி மரத்தையும் பழைய நாரையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், நீரையும் குறைவாகவே உள்ளே விடும். துணியில் கவனம் வேண்டும். வெட்டிய நார்ப்பாயின் பிணைப்புப் பசை பொலியெஸ்ரரில் உள்ள ஸ்ரைறீனில் கரைவதற்கென்று செய்யப்பட்டது. எபொக்சியில் அது கரையாது, பாய் விறைத்து நிற்கும். தைத்துச் சேர்க்கப்பட்ட 1708 என்ற இருதிசைத் துணியை வாங்குங்கள்.


ஏராக்கட்டை (மார்க்கம்), செப்டெம்பர் 26

ஒட்டுத்திறனில் எபொக்சி மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொலியெஸ்ரர் உரிந்து வரும் என்று பயமுறுத்துவது மிகை. பழைய மேற்பரப்பை முரட்டுத் தாளால் நன்றாக உராய்ந்து, அசற்றோனால் துடைத்து, அன்றே அடுக்கினால் அது நிற்கும். உரிந்து வந்தவற்றில் பெரும்பாலானவை உராயச் சோம்பல்பட்டவர்களின் வேலை. எபொக்சியின் விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பொலியெஸ்ரரோடு சேர்க்கும் இறுக்கியை நிறையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். எபொக்சியில் அந்த விளையாட்டு நடக்காது. சொன்ன விகிதம் சொன்னபடி இருக்க வேண்டும், பிசகினால் ஒருநாளும் இறுகாது.


நாரும் நூலும் (வோட்டர்லூ), செப்டெம்பர் 27

ஐயா, உங்கள் படகுத்துறையில் 30 பாகை வெயில். தம்பி வேலை செய்யப்போவது ஒன்ராறியோவின் பனிக்காலத்தில், அயலவர்களுக்கு நடுவில். 15 பாகைக்குக் கீழே பொலியெஸ்ரர் தூங்கிவிடும். அதன் நெடி சுவர் தாண்டிப் போகும், தீயும் பிடிக்கும். மெல்ல இறுகும் எபொக்சியும் குளிரில் சோம்பும்தான், ஆனால் ஒரு சிறு கூடாரமும் எண்ணெய் நிரப்பிய மின்சூடாக்கியும் இருந்தால் சமாளிக்கலாம்.


ஏராக்கட்டை (மார்க்கம்), செப்டெம்பர் 27

குளிர் என்ற காரணத்துக்கு நான் தலைவணங்குகிறேன். நெடியை மறந்தே போய்விட்டேன். எனக்கு அது பழகிய மணம்.

அப்படியென்றால் தம்பி, பின்பலகைக்கும் நெடுஞ்சட்டங்களுக்கும் எபொக்சி. ஒரு எச்சரிக்கை மட்டும்: எபொக்சி இறுகிய இடத்தின் மேல் பின்னர் பொலியெஸ்ரரோ அதன் மேற்பூச்சோ ஒழுங்காகப் பிடிக்காது. தொடங்கியதை அதிலேயே முடியுங்கள்.


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), ஒக்டோபர் 12

எஞ்சினை வாடகைத் தூக்கியால் வெளியே எடுத்தாயிற்று. மரத்தைப் பற்றி ஒரு கேள்வி. கடற்பயன்பாட்டுப் பிளைவூட் ஒரு பலகை 180 டொலர் என்கிறார்கள். முற்றத்து மேடைகளுக்குப் போடும், பூஞ்சண மருந்து ஏற்றிய மரம் மிக மலிவு. அழுகாது என்றும் சொல்கிறார்கள். அதைப் போட்டால் என்ன?


ஏராக்கட்டை (மார்க்கம்), ஒக்டோபர் 12

மருந்து ஏற்றிய மரம் கடையிலிருந்து வரும்போதே ஈரமாக வரும். ஈரத்தின் மேல் எபொக்சி பிடிக்காது; பின்னர் உலரும்போது மரம் நெளியும். வேண்டாம். கடற்பயன்பாட்டுப் பிளைவூட் அழுகாது என்றும் எண்ண வேண்டாம். அதன் சிறப்பு நீர்புகாத பசையும் உள்ளே பொந்தில்லாத அடுக்குகளும் மட்டும்தான். பின்பலகைக்கு அதை வாங்குங்கள், அங்கே கஞ்சத்தனம் கூடாது. தளத்துக்கு நல்ல வெளிப்புறப் பிளைவூட் போதும், எல்லா ஓரங்களையும் எபொக்சியால் மூடினால் சரி.

இந்த டிரைவுக்குப் பின்பலகையின் தடிப்பு 2 அங்குலத்துக்கும் 2¼ அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும், இரு முகங்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். வெளித்தோலை விட்டுவைத்து, முக்கால் அங்குலப் பலகை இரண்டையும் உட்புற அடுக்குகளையும் கூட்டிப் பார்த்து, வெட்டுவதற்கு முன்பே கணக்கை முடியுங்கள்.

இரண்டு நெடுஞ்சட்டங்களையும் ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம். ஒன்றை எடுத்து, அதைக் கட்டி முடித்து, அது இறுகிய பின் மற்றதைத் தொடுங்கள். இரண்டும் இல்லாத படகின் உடல் ஈரமான கடதாசிப் பெட்டிதான். வண்டியின் தாங்கிகள் எங்கே முட்டுகின்றனவோ அந்த வடிவத்துக்கு வளைந்துவிடும், வளைந்தபடியே அதைக் கட்டிவிடுவீர்கள், பிறகு படகு தண்ணீரில் நேராக ஓடாது.


நாரும் நூலும் (வோட்டர்லூ), ஒக்டோபர் 13

கண்ணாடி நாரை உராயும்போது கடதாசி முகமூடி போதாது. தூசுக்கும் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டி பூட்டிய முழு முகமூடி, மூடிய கண்ணாடி, உடல் முழுவதும் மூடும் எறியத்தக்க உடுப்பு. வேலை முடிந்ததும் குளிர்நீரில் குளியுங்கள்; சுடுநீர் தோலின் துவாரங்களைத் திறந்து நாரை உள்ளே இழுக்கிறது என்பது பட்டறைக்காரர்களின் நம்பிக்கை, சரியோ பிழையோ நானும் அப்படித்தான் செய்கிறேன்.


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), மார்ச் 3

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். பின்பலகையும் இடப்பக்க நெடுஞ்சட்டமும் முடிந்துவிட்டன. பழைய பின்பலகையின் கீழ்ப்பாதியை உளியால் எடுக்க வேண்டியே இருக்கவில்லை. சாம்பல் அள்ளும் கரண்டியால் அள்ளினேன். மேற்பாதி எடுக்கத்தான் மூன்று வார இறுதிகள் போயின, அவ்வளவு இறுக்கம்.

ஒரு தவறு செய்தேன், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பலகைகளையும் ஒட்டுவதற்காக எபொக்சியில் சிலிக்காத் தூளைக் கலந்து உழுந்து வடை மாப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாரும் நூலும் அண்ணா தனிமடலில் சொல்லியிருந்தார். நேரம் மிச்சம் என்று எண்ணி முழு வாளியையும் ஒரே தடவையில் கலந்தேன். பாதி பூசுவதற்குள் வாளி சூடாகத் தொடங்கியது, பிறகு புகைந்தது, பிளாஸ்ரிக் அடி உருகி நெளிந்தது. வாளியோடு பனிக்குள் ஓட வேண்டியதாயிற்று. அறுபது டொலருக்கு மேல் போய்விட்டது. எபொக்சி திரண்டு ஒரே இடத்தில் இருக்கும்வரை தன் சூட்டிலேயே தன்னை வேகவைத்துக்கொள்கிறது. இப்போது சிறு சிறு அளவாகக் கலந்து, உடனே அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பி வைத்துக்கொள்கிறேன்.

மூலைகளில் துணி மடியாமல் வளைந்து போவதற்கு அதே மாவால் உருண்டையான வளைவு வைக்கச் சொன்னீர்கள். அதற்கு எங்கள் வீட்டுச் சோற்று அகப்பையின் பின்புறம் மிகச் சரியாகப் பொருந்தியது. அகப்பையைப் பற்றி வீட்டில் விசாரணை நடக்கிறது.

அடுத்து மின்சாரம். மின்கலத்துக்கு மின்னேற்றும் பழைய அல்ரனேற்றர் வேலை செய்யவில்லை. வாகன உதிரிப்பாகக் கடையில் அச்சு அசல் அதேபோன்று ஒன்று 110 டொலருக்கு இருக்கிறது. படகுக்கென்று விற்பது 240. துளைகளும் பட்டிச்சில்லும் ஒன்றேதான்.


பழைய இரும்பு (பிரம்ரன்), மார்ச் 3

நில்லுங்கள். வெளியே ஒன்றுபோல் இருக்கும், உள்ளே இல்லை. காரின் அல்ரனேற்றர் சுழலும்போது உள்ளே தெறிக்கும் சிறு தீப்பொறி திறந்த காற்றில் ஒன்றும் செய்யாது, ஏனெனில் காரின் அடிப்பகுதி திறந்திருக்கிறது. உங்கள் எஞ்சின் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிக் காத்திருக்கும். படகுக்கென்று செய்யப்பட்டதில் தீப்பொறி வெளியேற முடியாதபடி வலையும் மூடியும் இருக்கும். ஸ்ராட்டர், பற்றவைப்பு விநியோகி, எரிபொருள் இறைப்பி, கார்புரேற்றர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த நூறு டொலரை மிச்சம் பிடித்து, கையிலும் முகத்திலும் தீக்காயத்தோடு தப்பினார்.

ஆவியை வெளியேற்றும் ஊதுவிசிறியையும் சரிபார்த்து, ஒவ்வொரு முறையும் எஞ்சினை இயக்குவதற்கு முன்பு குறைந்தது நான்கு நிமிடங்கள் அதை ஓடவிடுங்கள். எரிபொருள் குழாயில் பழையது ஒரு சாணும் மிஞ்சக்கூடாது. எதனோல் கலந்த பெற்றோல் அந்தக் காலத்து றப்பரைக் கரைத்துவிடும்.

டிரைவில் மூன்று றப்பர்ச் சுருக்குக் குழாய்கள் உண்டு: அச்சுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று, கியர்க் கம்பிக்கு ஒன்று. அச்சுக்குரியது கிழிந்தால் படகு துறையிலேயே அமிழும்; அதற்கு முன்பே உள்ளே அச்சைத் தாங்கும் கிம்பல் பெயரிங் துருப்பிடித்து உறுமும். டிரைவ் வெளியே இருக்கும்போதே மூன்றையும், பெயரிங்கையும், நீரிறைப்பிச் சில்லையும், எண்ணெய் கலங்கியதால், நீர் புகாமல் தடுக்கும் அச்சு முத்திரைகளையும் மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக இன்னொரு முறை கழற்ற உங்களுக்கு மனம் வராது.


கரையொதுங்கியவன் (மொன்றியல்), மார்ச் 4

நான் இந்த இழையைச் சிரிப்பதற்காகத் தொடர்ந்து வாசித்தேன். இப்போது படங்களைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பிடுங்கிய நுரைக்குப் பதில் என்ன போடப்போகிறீர்கள்? நான் என் படகில் மீண்டும் போடவில்லை, மரம் காற்றாடட்டும் என்று விட்டுவிட்டேன்.


ஏராக்கட்டை (மார்க்கம்), மார்ச் 4

அது பிழை. நுரை அங்கே இருப்பது படகு நீர் நிரம்பினாலும் முற்றாக அமிழாமல், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மேலே நிற்பதற்காக. ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 60 இறாத்தலைத் தாங்கும். பிள்ளைகள் ஏறப்போகும் படகில் அதை விடக்கூடாது. மூடிய நுண்ணறைகளுள்ள, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் நுரையை நிரப்புங்கள்; ஆனால் ஏராவை, அதாவது படகின் அடி நடுக்கட்டையை, ஒட்டி நடுவில் நீர் ஓடிப் பின்னால் வடிவதற்கு ஒரு வாய்க்கால் விடுங்கள். முதல் நுரை ஊறிப்போனதற்குக் காரணம் அந்த வாய்க்கால் இல்லாததுதான்.


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), ஜூன் 8

எஞ்சின் உள்ளே இறங்கிவிட்டது. பழைய இரும்பு அண்ணா, எஞ்சினும் டிரைவும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் தம் ஒழுங்கமைப்புத் தண்டை இரவல் தந்ததோடு நேரிலும் வந்தார். புதிய பின்பலகையும் புதிய நெடுஞ்சட்டங்களும் என்பதால், எஞ்சினின் முன்தாங்கிகள் பழைய உயரத்தில் இருக்கும் என்று நம்பக்கூடாது என்றார். தண்டின் பற்களில் கிரீஸ் தடவி, கிம்பல் பெயரிங்குக்குள்ளால் எஞ்சினின் இணைப்பிக்குள் தள்ளி, வெளியே இழுத்துப் பார்ப்பது: கிரீஸில் தடம் சுற்றிவரச் சமமாக இருந்தால் நேர், மேலே மட்டும் அழுந்தியிருந்தால் எஞ்சினின் மூக்கை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். பதினொரு முறை தள்ளி இழுத்தோம். பன்னிரண்டாவது முறை தண்டு இரண்டு விரல்களால் தள்ளியதற்கே உள்ளே போனது.

வளவில் குழாய் நீர் கொடுத்து இயக்கியபோது, சிலிண்டர்கள் பற்றும் 1-3-4-2 என்ற எரியொழுங்கில் இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டியிருந்ததால் கார்புரேற்றர் வழியாக ஒருமுறை தும்மியது. திருத்தியதும் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்.


கரையொதுங்கியவன் (மொன்றியல்), ஜூன் 9

கடதாசி வேலையையும் முடித்துவிடுங்கள். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள படகுக்கு அனுமதி எண் வேண்டும், எழுத்துகள் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில், அணியத்தின் (படகின் முன்பகுதி) இரு பக்கங்களிலும், உடலின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் அட்டை 2009 செப்டெம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம். நண்பர் சும்மா தந்தார் என்றாலும் கையொப்பமிட்ட கைமாற்றுக் கடிதம் ஒன்றை வாங்கி, பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணை அதில் எழுதுங்கள். பின்பலகையின் வெளித்தோலை விட்டுவைத்ததால் அந்த எண் தப்பியது.


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), ஜூலை 14

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சிம்கோ ஏரியில் இறக்கினோம். முதல் அரை மணி நேரம் கயிற்றை அவிழ்க்காமல் துறையோடு கட்டியே வைத்து, எஞ்சின் மூடியைத் திறந்து, கையில் மின்விளக்கோடு அடிப்பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல வெளியே எடுத்தோம். எஞ்சினின் வெப்பமானி ஒரே இடத்தில் நின்றது. பிள்ளைகள் முன் ஆசனத்தில். ஆசனம் என்றால் தளத்தில் மிஞ்சிய பிளைவூட் துண்டும் அதன் மேல் பழைய மெத்தைத் துண்டும்தான். உறை தைப்பது அடுத்த ஆண்டு.

கணக்கு கேட்பீர்கள். மரம், எபொக்சி, துணி, நுரை எல்லாம் சேர்த்து 1,870. முகமூடி, உராய்தட்டு, உடுப்பு 340. டிரைவின் றப்பர்களும் பெயரிங்கும் முத்திரைகளும் எண்ணெயும் 690. எரிபொருள் வழி 410. அல்ரனேற்றர் உட்பட மின்சாரம் 380. ஊதுவிசிறியை நானே கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினேன். நான் கணக்கிலேயே சேர்த்திராத இழுவை வண்டிக்கு, சில்லும் பெயரிங்கும் விளக்குமாக 520. வர்ணம் 250, உயிர்காப்பு அங்கிகள் 150. மொத்தம் 4,610. எல்லை தாண்டிய 610 டொலருக்காக என் பழைய ஒளிப்படக் கருவியை விற்றேன். அந்த வாளி எபொக்சியும் இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு கவலை மட்டும். மூன்று மணி நேரம் ஓடித் திரும்பியதும் அடிப்பள்ளத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு நீர் இருந்தது. றப்பர்க் குழாய்களைச் சுற்றித் துடைத்துப் பார்த்தேன், அவை உலர்ந்திருக்கின்றன. எஞ்சினின் குழாய்களிலும் கசிவு தெரியவில்லை.


ஏராக்கட்டை (மார்க்கம்), ஜூலை 14

வாழ்த்துகள் தம்பி. நீர் வடியும் அடைப்பானின் பித்தளை வளையத்தைப் பின்பலகையில் பூட்டியபோது, அதன் திருகாணிகளுக்குத் துளையிட்டீர்கள் அல்லவா? அந்தத் துளைகளின் உட்சுவரில் எபொக்சி தடவினீர்களா, அல்லது திருகாணியை நேரே மரத்துக்குள் முடுக்கினீர்களா?


சிம்கோக்காரன் (ஸ்காபரோ), ஜூலை 14

நேரே முடுக்கினேன்.


ஏராக்கட்டை (மார்க்கம்), ஜூலை 14

நாளைக்கே வெளியே எடுங்கள். வளையத்தைக் கழற்றி, துளைகளையும் அடைப்பான் போகும் பெரிய துவாரத்தின் உட்சுவரையும் ஒரு கிழமை விசிறி வைத்து உலரவிட்டு, துளைகளைப் பெரிதாக்கி எபொக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அந்த எபொக்சிக்குள்ளேயே புதிதாகத் துளையிட்டு, கடற்பசை தடவி முடுக்குங்கள். பழைய பின்பலகை அழுகத் தொடங்கியதும் இதே மூன்று திருகாணிகளில்தான்.